வாட்ச்காரர் போட்ட பத்துப் பந்து

ஒரு பந்தைத் தூக்கி வளையத்துக்குள் போடுவதை ஆறு தனித்தனி வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் எடுத்து, அதை அட்டவணையாக்கி வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரப்போகும் முட்டாள்தனங்களைப் பார்த்து, நல்லாயிருந்த மனுசன் திடீரென்று இப்படி ஆகிவிட்டானே என்று யாரும் வருத்தப்பட வேண்டியிருக்காது.

பந்தை எடுத்தல், இரண்டு தட்டுத் தட்டுதல், குறி பார்த்தல், முழங்காலை மடக்குதல், எறிதல், எறிந்த கையை இறக்காமல் மேலேயே வைத்திருத்தல். மொத்தம் ஐந்தே முக்கால் விநாடி. ஏழாவதாக ‘பந்து விழுதல்’ என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். அது என் கட்டுப்பாட்டில் இல்லாததால் அட்டவணையில் சேர்க்கவில்லை.

என் தொழில் அப்படி. பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் நான் ஐ.இ. விரித்துச் சொன்னால் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர். கம்பெனியில் யாரும் விரித்துச் சொல்வதில்லை, சுருக்கியும் சொல்வதில்லை. ‘வாட்ச்காரர்’ என்பார்கள். கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கப் போட்டுக்கொண்டு தையல் லைனில் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் போய் நிற்பேன். ஒரு பீஸைத் தைக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பேன். அதை வைத்து ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் போடுவேன். லைன் முனையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. டார்கெட் வந்தால் நீலத்தில் எழுதுவோம், வராவிட்டால் சிவப்பில். சாயங்காலம் பலகை சிவப்பாக இருந்தால் அந்த லைன் உட்கார்ந்து மிச்சத்தைத் தைத்து முடிக்க வேண்டும். அதற்குள் ஐந்தரை மணி கம்பெனி வண்டி போய்விடும். அடுத்தது எட்டரைக்குத்தான். என்னைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கூடைப்பந்துக் கம்பம் கம்பெனிக்கு வந்தது ஒரு ஆடிட்டால். எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய தாளில் தொழிலாளிகளுக்கு விளையாட்டு வசதி உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. மேனேஜர் ஒரே வாரத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் சிமெண்ட் போட்டு, கம்பம் நட்டு, வளையம் மாட்டி, ஒரு பந்தும் வாங்கிவிட்டார். ஆடிட்டர் வந்த அன்று நாலு பேருக்குக் கேன்வாஸ் ஷூ மாட்டி ஓட விட்டோம். அவர் போட்டோ எடுத்துக்கொண்டு போனதும் பந்து ஸ்டோர் ரூமுக்குள் போனது. ஸ்டோர் சாவி என்னிடமும் ஒன்று இருந்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

கல்லூரியில் நான் கூடைப்பந்து அணியில் இருந்தவன். இருந்தேன் என்றால், அணிக்காரர்களின் தண்ணீர் பாட்டிலுக்கும் துண்டுக்கும் பக்கத்தில் இருந்தேன். மூன்று வருடத்தில் மொத்தம் நாலு நிமிடம் ஆடியிருக்கிறேன். அதில் ஒரு நிமிடம் அடிபட்ட ஒருவனைத் தூக்கிக்கொண்டு போனது. என் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். எங்கள் கோச் ரொம்ப நல்ல மனுசர், என் மனம் நோகக் கூடாதென்று, “உனக்கு ஆட்டம் நல்லாப் புரியுது, அதனால உக்காந்து பாரு” என்பார்.

அந்த மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்து நான் எனக்குள்ளே ஒரு கொள்கையை உண்டாக்கிக்கொண்டேன். பிறவித் திறமை என்று ஒன்று கிடையாது. எல்லாம் உழைப்புதான். திறமை என்பது சோம்பேறிகள் சொல்லும் சாக்கு. இந்தக் கொள்கை உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உண்மையாக இருந்தாக வேண்டிய நிலையில் நான் இருந்தேன்.

ஆக, முப்பத்தைந்தாவது வயதில், தினமும் காலை ஏழரைக்கே கம்பெனிக்கு வந்து ஸ்டோரைத் திறந்து பந்தை எடுத்து நூறு முறை எறிய ஆரம்பித்தேன். ஆறு வருடம். ஞாயிறு மட்டும் லீவு. முதல் வருடம் நூற்றுக்குச் சராசரி முப்பத்தொன்பது விழுந்தது. ஆறாவது வருடம் நாற்பத்தொன்று. இதை வளர்ச்சி என்று சொல்ல மாட்டேன் என்கிறவர்கள் அவசரக்காரர்கள்.

அயர்ன் செக்‌ஷனில் தூத்துக்குடிப் பக்கத்து மாஸ்டர் ஒருவர் இருந்தார். காலையில் பாய்லர் சூடாகும்வரை டீ டம்ளரோடு வந்து நின்று வேடிக்கை பார்ப்பார். ஒருநாள் நிதானமாகச் சொன்னார்.

“சார், பந்து எப்பவும் வலப்பக்கமாத்தான போவுது?”

“ஆமாங்க.”

“அப்ப வளையத்தக் கொஞ்சம் அங்கிட்டு நகத்தி வச்சா விழும்லா?”

உண்மையைச் சொன்னால், சாயங்காலம் போய்க் கம்பத்தை அசைத்துப் பார்த்தேன். சிமெண்டில் நட்டிருந்தார்கள்.

அவிநாசியில் வீடு. என் சம்சாரம் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த அட்டவணையை ஆறு வருடமும் பொறுத்துக்கொண்டாள். ஒருமுறை மட்டும் கேட்டாள். “ஏனுங்க, இந்த நூறு பந்தும் எங்கியாச்சும் கணக்குல சேருதுங்களா?” உழைப்பு வீண் போகாது என்றேன். “போகாதுங்க, பால்காரருதான் வந்துட்டுப் போயிர்றாரு” என்றாள். காலைப் பால் வாங்குவது என் பொறுப்பாக இருந்த வேலை.

இப்போது லைனுக்கு வருவோம்.

எங்கள் மூன்றாவது லைனில் பதினாறு பேர். டி-ஷர்ட். ஒருவர் தோள் சேர்ப்பார், ஒருவர் கழுத்துப் பட்டி வைப்பார், ஒருவர் சட்டைக்குக் கை ஏற்றுவார், இப்படியே பீஸ் ஒவ்வொரு மெஷினாக நகர்ந்து போகும். இதில் கை ஏற்றும் இடம்தான் குறுகல் பாலம். அங்கே எவ்வளவு கடக்கிறதோ அவ்வளவுதான் லைன் மொத்தமும் கடக்கும். பல வருடமாக அங்கே மணிக்கு எண்பத்தைந்து பீஸ்தான் போய்க்கொண்டிருந்தது, டார்கெட்டும் அதுதான்.

நான் வாட்சோடு வருவது தெரிந்தால் லைனில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். முதல் மெஷின்காரர் லேசாக இருமுவார். உடனே பதினாறு ஜோடிக் கைகளும் தூங்க ஆரம்பித்துவிடும். துணியைத் தடவிக் கொடுப்பார்கள். நூல் அறாமலே நூல் கோர்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேகமாகத் தைத்துக் காட்டினால் அந்த வேகம் டார்கெட் ஆகிவிடும், பிறகு தினமும் அதே வேகத்தில் தைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கும் இது தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். இந்தப் புரிதலில்தான் கம்பெனி நடந்தது.

கை ஏற்றிக்கொண்டிருந்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட, அந்த இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர். புருசனுக்கு இங்கே டையிங்கில், அதாவது சாயப்பட்டறையில், வேலை கிடைத்து, குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஒல்லியான உடம்பு, நீளமான கை. அதிகம் பேசாதவர்.

அவர் சேர்ந்து மூன்றாவது நாள் நான் வாட்சோடு போனேன். முதல் மெஷினில் இருமல் கேட்டது. பதினைந்து பேரின் கைகள் தூங்கின. இவருக்கு அந்த இருமலின் அர்த்தத்தை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. யாருக்கோ சளி என்று நினைத்துக்கொண்டு தன் பாட்டுக்குத் தைத்தார். ஒரு பீஸுக்கு இரண்டு கையும் ஏற்ற முப்பது விநாடி. அதாவது மணிக்கு நூற்றிருபது. நான் பத்து பீஸுக்கு நேரம் எடுத்தேன். பத்தும் முப்பது. தைத்த பண்டலை முடிச்சுப் போட்டு, திரும்பிப் பார்க்காமலே, பின்னால் ஆறடி தள்ளியிருந்த கூடையில் எறிந்தார். கூடையில் விழுந்தது. அடுத்த பண்டலும் விழுந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ள ஒருவன் என்ன செய்திருப்பான்? இவர் தனி ஆள், இவரை வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்று மற்றவர்களையும் சேர்த்துச் சராசரி எடுத்திருப்பான். நான் என் கொள்கைப்படி நடந்தேன். ஒருவரால் முடிந்தால் எல்லோராலும் முடியும், பயிற்சிதான் வேண்டும். மறுநாள் மூன்றாவது லைன் பலகையில் டார்கெட் நூற்றிருபது என்று என் கையாலேயே எழுதினேன். எழுத்து அழகாக வந்திருந்தது.

ஐந்து வாரம் பலகை சிவப்பிலேயே இருந்தது. கை ஏற்றும் இடத்தில் பீஸ்கள் கடந்து போகும், மற்ற இடங்களில் குவிந்து கிடக்கும். ஐந்தரை வண்டி மூன்றாவது லைன் ஆட்கள் இல்லாமலே போகும். எட்டரைக்கு வீட்டுக்குப் போய் எப்போது உலை வைப்பது? கோபத்தை என் மேல் காட்ட முடியாது. அந்தப் பெண் மேல் காட்டினார்கள். யாரும் திட்டவில்லை. கொங்கு நாட்டில் திட்டுவது குறைவு. பேச்சை நிறுத்திவிட்டார்கள். நூல் கோன் தீர்ந்தால் பக்கத்து மெஷின்காரர் தராமல் ஸ்டோருக்குப் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். மதியம் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட, இவர் கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். ஈரத் தரை. அதைத் துடைத்துவிட்டு உட்காருவார்.

ஒருநாள் காலை எட்டு மணிக்கு, நான் அறுபத்தேழாவது பந்தை எறிந்துகொண்டிருக்கும்போது என்னைத் தேடி வந்தார்.

“சார், டார்கெட்டக் கொறைங்க.”

“உங்களுக்கு அது வருதில்லீங்க?”

“எனக்கு வருது சார். அவியளுக்கு வரல. ஒருத்தரும் எங்கிட்டப் பேச மாட்டேங்காவ.”

“நீங்க மெதுவாத் தைச்சீங்கன்னா?”

“இப்ப மெதுவாத் தைச்சா டார்கெட்டு கொறையுமா? போர்டுல இன்னும் செவப்பாத்தான் வரும். அதுக்கும் நாந்தான் காரணம்பாவ.”

சரியாகத்தான் சொன்னார். அதனால் பேச்சை மாற்றினேன். பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உழைப்பைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். இன்று முடியாதவர்களுக்கு நாளை முடியும் என்றேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக என்றேன். கடைசியில், “என்னையே எடுத்துக்கங்க. ஆறு வருசமா இந்தப் பந்த விடாம எறியறேன்” என்றேன்.

“தெனமும் பாக்கேன் சார்” என்றார் அவர். “அதான் எல்லாராலயும் முடியாதுன்னு சொல்லுதேன்.”

அயர்ன் மாஸ்டர் அந்தச் சமயம் ஊரில் வீடு கட்ட இரண்டு மாத லீவில் போயிருந்தார். இல்லாவிட்டால் டீ புரையேறியிருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, முட்டாள்தனம் உயரும். “செரி, ஒரு பந்தயம் வெச்சுக்குவோம்” என்றேன். “பந்தையே தொடாத நீங்களும், ஆறு வருசம் ஒழைச்ச நானும், ஆளுக்குப் பத்துப் பந்து போடுவோம். நான் ஜெயிச்சா ஒழைப்புதான் பெருசு, நூத்தியிருபது அப்படியே இருக்கும். நீங்க ஜெயிச்சா, பொறவியிலயே சில பேருக்குக் கை வரும், எல்லாருக்கும் வராதுன்னு ஒத்துக்கறேன். லைன் மொத்தத்துக்கும் மறுபடி நேரம் எடுத்து டார்கெட்ட மாத்தறேன்.”

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு வளையத்தைப் பார்த்தார்.

“எத்தன பந்து சார்?”

“பத்து.”

“எந்தக் கோட்டுல இருந்து?”

எடுத்த எடுப்பிலேயே கோட்டைப் பற்றிக் கேட்கிறாரே, என்ன ஒரு கிரகிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பதினோரு மணி டீ நேரத்தில் போட்டி. செய்தி எப்படிப் பரவியது என்று தெரியவில்லை. மூன்றாவது லைன் முழுக்க டீ டம்ளரோடு வந்து நின்றது. கட்டிங்கிலிருந்தும் செக்கிங்கிலிருந்தும் வந்தார்கள். ஹிந்திக்காரப் பையன்கள் மூன்று பேர் என் பக்கம் கைதட்டத் தயாராக நின்றார்கள், அவர்களுக்கு என்னைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. மேனேஜர் நடுவராக வந்தார். அவருடைய ஒரே அக்கறை டீ நேரம் பதினைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது. “வெரசாப் போட்டு முடிங்க” என்றார்.

லைனில் மூத்தவர் ஓர் அம்மா. தோள் சேர்ப்பவர். முதல் மெஷினில் இருமுகிறவரும் அவர்தான். கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். “ஏனுங்க சார், மேல கீல பட்டுச்சுன்னா ஆசுபத்திரிக்குக் கம்பெனி வண்டி வருமுங்களா?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அந்தப் பெண்ணைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் பாதிப் பேருக்கு யார் ஜெயிக்க வேண்டும் என்றே முடிவாகவில்லை. பேசாத ஆள் ஒரு பக்கம், வாட்ச்காரன் ஒரு பக்கம்.

நான் முதலில் எறிந்தேன். ஆறு வேலைகளையும் வரிசை மாறாமல் செய்தேன். பத்தில் நாலு விழுந்தது. சராசரி நாற்பத்தொன்று என்று சொன்னேன் இல்லையா? பத்துக்கு நாலு. கணக்கு துல்லியம். இந்த ஊரில் தன் தோல்வியை இவ்வளவு சரியாக முன்கூட்டியே கணிக்கக்கூடிய மனிதன் வேறு யாராவது இருந்தால் எனக்கு அறிமுகப்படுத்துங்கள்.

அடுத்து அவர். மாஸ்க்கைக் கழற்றினார். மேல் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். பந்தைக் கையில் வாங்கி ஒரு முறை தட்டிவிட்டு, “காத்து கொறவா இருக்கே சார்” என்றார்.

நான் மேனேஜரிடம் மெதுவாகச் சொன்னேன். “பாருங்க, தொட்டதும் காத்து கொறவுன்னு கண்டுபுடிச்சுட்டாங்க. இதுதானுங்க பொறவிக் கை.” ஆறு வருடமாக அந்தப் பந்துக்கு நான் காற்றடித்ததில்லை. மெக்கானிக் ஓடிப்போய் சைக்கிள் பம்ப் எடுத்து வந்தார். மேனேஜர் மணி பார்த்தார்.

அந்தப் பெண் பந்தை உள்ளங்கையில் உருட்டி, அதன் கறுப்புக் கோடுகள் விரலுக்கடியில் வரும்படி வைத்துக்கொண்டார். இதையும் விளக்கினேன். “தையல்காரங்க இல்லீங்களா, பந்துலயும் தையல் எங்கன்னு பாக்கறாங்க.” மேனேஜர் தலையாட்டினார். அந்தப் பெண் மூன்று முறை தட்டினார், பந்தைப் பார்க்காமல், வளையத்தை மட்டும் பார்த்துக்கொண்டு.

முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. எனக்குள் ஆறு வருட உழைப்பு மெல்லத் தலை தூக்கியது. அவர் கோட்டிலிருந்து அரை அடி இடப்பக்கம் தள்ளி நின்றார். மூன்றாவது விழுந்தது. எறிந்த கையை இறக்காமல் மேலேயே வைத்திருந்தார். என் அட்டவணையின் ஆறாவது வேலை. அதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. அவருக்குத் தானாக வந்தது. நாலு. ஐந்து. ஆறு. ஏழு. வளையத்தைத் தொடாமல் வலைக்குள் நேராக இறங்கின. வலை ‘ஸ்ஸக்’ என்று ஒரு சத்தம் போட்டது. அந்த வலை அப்படிச் சத்தம் போடும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அதுவரை கை கட்டி நின்ற மூத்த அம்மா, கையை அவிழ்த்து, “போடு கண்ணு!” என்று ஒரு கத்துக் கத்தினார்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். லைனிலிருந்து ஐந்து வாரத்தில் அவரை நோக்கி வந்த முதல் வார்த்தை அது. எட்டாவது பந்து அதனால்தான் வளையத்தில் பட்டுத் தெறித்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று வைத்துக்கொள்வோம், வெயிலும் இருந்தது. ஒன்பதாவதைப் போட்டார். பத்தாவதையும் போட்டார்.

ஏழுக்கு நாலு. என் பக்கம் கைதட்டத் தயாராக இருந்த மூன்று பையன்களும் அவர் பக்கம் போய்த் தட்டினார்கள். மேனேஜர், “செரி செரி, நாலு நிமிசம் லேட்டு” என்று கூட்டத்தைக் கலைத்தார்.

வாக்கு வாக்குதான். அன்று மதியமே வாட்சோடு போய் லைன் முழுக்க நேரம் எடுத்தேன். முதல் மெஷினில் இருமல் கேட்டது. அன்றைக்குச் சற்று நீளமான இருமல். கைகள் தூங்கியது போதாதென்று குறட்டையும் விட்டன. மூத்த அம்மா ஒரு தோளைச் சேர்த்து முடிப்பதற்குள் எனக்கு இரண்டு கொட்டாவி வந்தது. துணியை நீவினார், திருப்பினார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“என்னங்கம்மா, கல்யாணப் பொண்ணுக்குப் பட்டுப் பொடவ எடுக்கறீங்களா?”

“வயசாச்சுங்க சார். கண்ணு தெரியறதில்லீங்க.”

நான் எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொண்டேன். சராசரி போட்டேன். எண்பத்திரண்டு வந்தது. பழைய எண்பத்தைந்தைவிட மூன்று குறைவு. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு என்னை நீண்ட நேரம் பார்த்தார். மனிதத் திறமை என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும், பிறவியிலேயே வருவது என்று விளக்கினேன். “ஆறு வருசமா நீ வேற மாதிரியல்ல சொல்லீட்டிருந்த” என்றார். ஆனால் நூற்றிருபது என்று போட்டு ஐந்து வாரம் சிவப்பையே பார்த்தவர் என்பதால் கையெழுத்துப் போட்டார். பலகை நீலமானது. ஐந்தரை வண்டி நிறைந்து போனது.

மறுநாள் மதியம் அந்தப் பெண் வழக்கம்போலக் குழாயடியில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அங்கென்ன கண்ணு பண்ற, ஈரத்துல? இங்க வா” என்றார் மூத்த அம்மா. வட்டம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. யாரோ அரிசிம்பருப்புச் சோறு ஒரு கரண்டி வைத்தார்கள். இவர் தன் பாக்ஸிலிருந்து மீன் குழம்பை எடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை என்பதால் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள், மீதிப் பேர் வெள்ளிக்கிழமையை மறந்தார்கள்.

நான் ஒருவன்தான் துக்கத்தில் இருந்தேன். கொள்கை போய்விட்டது. அன்று சாயங்காலமே ஃபிரிட்ஜ் கதவிலிருந்து அட்டவணையைக் கிழித்தேன். பிறவியில் இல்லாதது ஆயிரம் தடவை எறிந்தாலும் வராது என்று சம்சாரத்திடம் சொன்னேன். அவள், “அப்ப நாளைலிருந்து பால் நீங்க வாங்கீருவீங்க” என்றாள். மூன்று வாரம் பால் வாங்கினேன். அதில் எனக்கு இயல்பான திறமை இருந்தது.

அயர்ன் மாஸ்டர் வீட்டு வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். முதல் நாள் காலை கம்பத்தடியில் ஆளைக் காணாமல் என்னைத் தேடி ஆபீசுக்கே வந்துவிட்டார்.

“என்ன சார், பந்தக் காணோம்?”

நடந்ததைச் சொன்னேன். பிறவிக் கை என்றேன். பந்தையே தொடாத ஒருவர் எப்படிப் பத்தில் ஏழு போட்டார் என்று அடி அடியாக விவரித்தேன். கறுப்புக் கோட்டைத் தேடியது, காற்றைக் கண்டுபிடித்தது, எல்லாம். மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“யாரு சார், கை ஏத்துற அக்காவா? காலைல கேட்டுல பாத்தேன். அவிய எங்க பக்கத்து ஊருதான.”

“அப்படீங்களா?”

“எங்க ஊர் கான்வென்ட்டுலதான் படிச்சாவ. ஸ்கூல் டீம் கேப்டன்லா! மாவட்டம் வரைக்கும் போயி ஆடியிருக்காவ.”

நான் பேனாவை மூடினேன்.

“ஆனா ஒண்ணு சார்” என்று தொடர்ந்தார் அவர். “ஆட வந்த புதுசுல பந்து போர்டுலயே படாது. நாங்க காம்பவுண்டுச் செவத்துல ஏறி உக்காந்து சிரிப்போம். சிஸ்டர் பெரம்ப வச்சிக்கிட்டு நிப்பாவ. விடியக்காலம் நூறு, சாயங்காலம் நூறு. மழை பேஞ்சாலும் விட மாட்டாவ. மூணு வருசங் கழிச்சிப் பாத்தா, அந்தக்கா கண்ண மூடிக்கிட்டுப் போடுதாவ.”

அவர் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆக, பிறவித் திறமை இல்லை. உழைப்புதான். என் பழைய கொள்கைதான் ஜெயித்திருக்கிறது. அந்தப் பெண் என் கொள்கையை வைத்து என்னையே தோற்கடித்து, அது தப்பு என்று என் வாயாலேயே சொல்லவும் வைத்திருக்கிறார். அவர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. ‘பந்தையே தொடாத நீங்கள்’ என்று சொன்னது நான்தான். பத்து பீஸுக்கு நேரம் எடுத்தவன், வாழ்க்கையில் எப்போதாவது பந்து ஆடியிருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. அதற்கு ஐந்தே முக்கால் விநாடிகூட ஆகியிருக்காது.

எழுந்து லைனுக்குப் போனேன். வாட்ச் கழுத்தில் இருந்ததை மறந்துவிட்டேன். முதல் மெஷினில் மூத்த அம்மா இருமினார். பதினாறு ஜோடிக் கைகளும் தூங்க ஆரம்பித்தன. கை ஏற்றும் மெஷினைப் பார்த்தேன். அந்தப் பெண்ணும் துணியை மெதுவாக நீவிக்கொண்டிருந்தார். அறாத நூலை எடுத்து நிதானமாக ஊசியில் கோர்த்தார்.

பக்கத்தில் போய்க் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னேன். “ஏனுங்க, பள்ளிக்கூடத்துல கேப்டனா ஆடுனதை அன்னைக்கே ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்களா?”

அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“டார்கெட்டு கொறைஞ்சிருக்குமா சார்?”